மணவாளக்குறிச்சியின் கேள்விக்கு எந்த நிதி? மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் மூன்று வழிகள்

குமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சியிலிருந்து கொல்லங்கோடு வரையுள்ள கடற்கரை ஊர்களில் யாருக்கேனும் புற்றுநோய் என்று தெரியவந்தால், "இது நம்ம மண்ணாலதானா?" என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. கரையில் ஒதுங்கும் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, மோனசைட்டில் கதிர்வீசும் தோரியம் உண்டு, ஆகவே இயற்கைக் கதிர்வீச்சு இங்கே மிகுதி என்பதில் ஐயமில்லை. அதனால் நோய் கூடுகிறதா என்பது முறையாக ஆய்ந்து சொல்ல வேண்டிய வேறு செய்தி. கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேர் பரப்பில் இத்தகைய கனிமங்கள் கொண்ட அருமணலை எடுக்கும் திட்டம் பேசப்படும் இந்நாளில் அந்த ஆய்வைத் தள்ளிப்போட இடமில்லை. நாட்டின் மருத்துவ ஆராய்ச்சி நிதி எந்த வழியாக வந்தால் இத்தகைய கேள்விக்கு விடை கிடைக்கும் என்பதையே இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் தொகையைப் பற்றிச் சுருக்கமாக. வளரும் நாடுகள் தம் மொத்தச் சுகாதாரச் செலவில் 2 சதவீதத்தையாவது ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று 1990இல் பன்னாட்டு ஆணையம் ஒன்று பரிந்துரைத்தது. 2021-22இல் இந்தியாவில் அரசும் மக்களும் சுகாதாரத்துக்குச் செலவிட்டது 9 லட்சம் கோடி ரூபாய்க்குச் சற்று மேல். அதில் 2 சதவீதம் 18,000 கோடி. மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறைக்கு 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் கிடைத்தது சுமார் 3,900 கோடி. பிற துறைகளும் மருத்துவ ஆய்வுக்குச் செலவிடுகின்றன என்றாலும், தாராளமாக இல்லாத இந்தப் பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைக் கூர்ந்து பார்க்காமல் இருக்க முடியாது.

முதல் வழி, தேசிய நிறுவனங்களுக்கு நிலையான நிதி தந்து, நாட்டின் முன்னுரிமைகளை அவற்றின் வழியே ஆய்வது. 1911இல் ஆராய்ச்சி நிதிச் சங்கமாகத் தொடங்கி 1949இல் பெயர் மாறிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) இந்த வழியில் செய்த சாதனைகள் தமிழ்நாட்டிலேயே கண்கூடு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மையம், நோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தாலும் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் சேர்த்ததற்கு இணையான பலன் உண்டு என்று 1959இல் நிறுவியது. உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை அதன்பின் மாறியது. செங்கல்பட்டுப் பகுதியில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் ஆய்வு பதினைந்து ஆண்டுகள் மக்களைப் பின்தொடர்ந்தது. அத்தனை பொறுமை நிலையான சம்பளமும் நிலையான கட்டடமும் உள்ள நிறுவனத்துக்கே வாய்க்கும். குறை என்னவென்றால், எதை ஆய்வது என்பது மேலே முடிவாகிறது. காசநோய் நாடு முழுவதற்குமான துன்பம், ஆகவே பட்டியலில் முதலில் நின்றது; ஒரு மாவட்டத்தின் சில கடலோர ஊர்களுக்கு மட்டும் உரிய ஐயம், சென்னைக்கு 700 கிலோமீட்டர் தெற்கிலிருந்து அப்பட்டியலில் ஏறுவது எளிதன்று.

இரண்டாவது, போட்டி முறை. ஆய்வாளர் தம் திட்டத்தை எழுதி அனுப்புவார், வல்லுநர் குழு தேர்ந்தெடுக்கும். வெளி ஆய்வாளர்களுக்குப் பணம் தரும் ஐ.சி.எம்.ஆரின் வெளிநிதித் திட்டங்கள் இவ்வகையின. 2023இன் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்ற இலக்குடன் இவ்வழியையே பெரிதாக்க முனைகிறது. அத்தொகையில் பெரும்பகுதி தனியாரிடமிருந்தும் பிற மூலங்களிலிருந்தும் வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நல்ல யோசனை எந்த ஊரில் பிறந்தாலும் அதற்குக் கதவு திறக்கும் என்பது இம்முறையின் நேர்மை. உண்ணிக்காய்ச்சலை விரைவாகக் கண்டறிவது போன்ற, சில ஆண்டுகளில் விடை தரும் கேள்விகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. ஆனால் ஏற்கெனவே கட்டுரைகள் வெளியிட்டவருக்கும், விண்ணப்பம் எழுத நேரமும் ஆளும் உள்ள பெரிய நிறுவனங்களுக்குமே வெற்றி எளிது. நம் மாவட்டத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் காலையிலிருந்து நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, அங்குள்ள மருத்துவர் எந்த வேளையில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதுவார் என்ற கவலை வரும். அதைவிடப் பெரிய இடர், கதிர்வீச்சால் புற்றுநோய் வருவதென்றால் அது வெளிப்படப் பல ஆண்டுகள், சிலவற்றுக்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆகும். மூன்று நான்கு ஆண்டு நிதியில் அதை அளக்கப் புறப்படுவது தென்னம்பிள்ளை நட்ட மறுமாதமே தேங்காய் எண்ண நிற்பதைப் போன்றது.

மூன்றாவது, ஒரு பகுதியில் யார் யாருக்கு நோய் வருகிறது என்று தொடர்ந்து குறித்துவைக்கும் நோய்ப் பதிவேட்டை முடிவு தேதியின்றி நடத்த நிதி தருவது. இதற்குச் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் இதே வகை மணல் உள்ள கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990இல் பதிவேடு தொடங்கியது. வீடு வீடாகக் கதிர்வீச்சை அளந்து, 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1,379 புற்றுநோய்களைப் பதிவு செய்து, இயற்கைக் கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் வெளியிட்டார்கள். அது ஆறுதல் தரும் முடிவுதான். என்றாலும் மணவாளக்குறிச்சியின் அளவுகளையும் தொழிலையும் வாழ்க்கையையும் அளக்காமல் அதை நம் கரைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. அந்தப் பதிவேட்டுக்கு அணுசக்தித் துறையின் ஆதரவு இருந்தது என்பதையும் மறக்கலாகாது. ஆய்வு நேர்மையாகவே நடந்திருக்கலாம், ஆயினும் மணல் எடுப்பதோடு தொடர்புடைய துறை பணம் தந்தால் ஊர் மக்கள் விடையை நம்பத் தயங்குவார்கள். நம்பப்படாத விடைக்காகச் செலவிட்ட இருபது ஆண்டுகள் வீண்.

ஆகவே என் தேர்வு மூன்றாவது வழிதான்; ஆனால் பணம் சுகாதாரத் துறையின் கையிலிருந்து, முதல் வழியின் நிலைத்தன்மையோடு வர வேண்டும். அடித்தளம் ஓரளவு இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிறுவனமும் தமிழ்நாடு அரசும் 2012இல் மாநிலம் தழுவிய பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கின. சென்னையின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையோடு இயங்கும் மாதிரி ஊரகச் சுகாதார ஆராய்ச்சி மையம் ஒன்று திருநெல்வேலி மாவட்டம் கல்லூரில் இருக்கிறது. அங்கிருந்து நம் கரை சில மணி நேரப் பயணம்.

குமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் திட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த மாவட்டம் இது. எல்லை மாறினாலும் மருத்துவத்துக்குப் போகும் திசை மாறவில்லை. விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கத்தவர்கள் பலர் திருவனந்தபுரத்துக்கே போகிறார்கள். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் மட்டும் எண்ணினால் அந்த நோயாளிகள் கணக்கில் விழமாட்டார்கள், நோய் குறைவு என்ற பொய்யான படம் கிடைக்கும். இரு மாநிலப் பதிவேடுகளும் முகவரி அடிப்படையில் தகவல் பகிர எழுத்து வடிவ உடன்பாடும், ஆசாரிப்பள்ளத்திலும் திருவனந்தபுரத்திலும் பதிவு செய்ய நிரந்தரப் பணியாளர்களும், ஆண்டுதோறும் அவர்களின் சம்பளத்துக்கென வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பும் வேண்டும். மணல் எடுக்கும் பணி விரியும் முன்பே இந்தப் பதிவு தொடங்கியிருக்க வேண்டும். பிந்திவிட்டால் முன்னிருந்த நிலை எது, பின் வந்த மாற்றம் எது என்று பிரித்துச் சொல்ல எந்த ஆய்வாளராலும் இயலாது.