வேகம் வேறு, சுருதி வேறு: ஏபிள்டன் லைவின் வார்ப் வசதி

பதிவான ஒலியை மெதுவாக ஓட்டினால் அதன் சுருதியும் சேர்ந்து இறங்கும். 120 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில், பாடியதை 90-இல் ஓட்டும்போது சுருதி ஏறக்குறைய 5 செமிடோன் (ஒரு ஸ்தாயியில் 12 செமிடோன்) குறைகிறது. 60-இல் ஓட்டினால் ஒரு ஸ்தாயி முழுவதும் கீழே போய்விடுகிறது. இந்த இரண்டையும் பிரித்து ஆளும் வசதி இன்று பெரும்பாலான இசைத் தயாரிப்பு மென்பொருள்களில் உண்டு. ஆனாலும், 2001-இல் முதல் பதிப்பு வெளிவந்த ஏபிள்டன் லைவின் ‘வார்ப்’ வசதியைத்தான் நான் மிகவும் விரும்பிப் பயன்படுத்துகிறேன். எல்லா ஒலிக்கும் ஒரே வழிமுறை பொருந்தும் என்று அது பாவனை செய்யாமல், பீட்ஸ், டோன்ஸ், டெக்ஸ்சர், ரீ-பிட்ச், கம்ப்ளெக்ஸ், கம்ப்ளெக்ஸ் ப்ரோ என ஆறு முறைகளை முன்வைத்து, தேர்வைக் காதிடம் விட்டுவிடுவதே அதற்குக் காரணம்.

தாள ஒலிகளுக்கு உரியது பீட்ஸ். ஒவ்வொரு அடியும் தொடங்கும் கூர்மையான கணத்தை இது அடையாளம் கண்டு, அங்கே ஒலியைத் துண்டாக்கி, புதிய வேகத்துக்கு ஏற்பத் துண்டுகளை இடம்மாற்றி வைக்கிறது. வேகத்தைக் குறைக்கும்போது துண்டுகளுக்கிடையே விழும் இடைவெளியை அடியின் வால்பகுதியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து நிரப்பலாம், அல்லது அப்படியே வெறுமையாக விடலாம். நான் பெரும்பாலும் வெறுமையையே தேர்ந்தெடுக்கிறேன், ஏனெனில் அடிகளுக்கிடையே உள்ள மௌனமும் தாளத்தின் பகுதிதான். தொடக்கத்தில் எல்லாக் கிளிப்புகளையும் (ஒலித் துணுக்குகளையும்) கம்ப்ளெக்ஸ் ப்ரோவிலேயே வைத்திருந்தேன். டிரம் ஒலிகள் மழுங்கிக் கேட்டதற்கு என்னுடைய அந்தத் தேர்வே காரணம் என்பது பீட்ஸுக்கு மாற்றிய பிறகுதான் விளங்கியது.

தனிக்குரலுக்கும் ஒற்றைச் சுர வரிசையில் செல்லும் கருவிகளுக்கும் டோன்ஸ் போதும். நிலையான சுருதியற்ற, இரைச்சல் போன்ற ஒலிப்படலங்களுக்கு டெக்ஸ்சர். ரீ-பிட்ச் வேகத்தையும் சுருதியையும் பிரிப்பதே இல்லை. பழைய டேப்பைப் போல இரண்டையும் சேர்த்தே நகர்த்துவதால், வேறெந்த முறையிலும் கிடைக்காத தூய்மை அதில் கிடைக்கிறது.

குரலின் சுருதியைக் கணிசமாக மாற்ற வேண்டியிருக்கும்போதுதான் கம்ப்ளெக்ஸ் ப்ரோவின் அருமை தெரியும். ஒருவருடைய குரலை அவருடையது என்று நாம் அறிவது சுருதியால் மட்டுமன்று. தொண்டையும் வாயும் சில அதிர்வெண்களை மிகுவித்து உண்டாக்கும் ஃபார்மன்ட் என்னும் அமைப்பாலும்தான். சுருதியோடு அதுவும் மேலே நகர்ந்துவிட்டால், பெரியவரின் குரல் குழந்தையின் குரலாகிவிடும். கம்ப்ளெக்ஸ் ப்ரோவில் உள்ள ஃபார்மன்ட்ஸ் அளவை 100 விழுக்காட்டில் வைத்தால், சுருதி மாறினாலும் மூலக் குரலின் ஃபார்மன்ட் அமைப்பு காக்கப்படுகிறது. ஆனாலும் 3 செமிடோனுக்கு மேல் குரலை நகர்த்த நேர்ந்தால், வாய்ப்பிருக்கும்வரை மறுபடி பாடிப் பதிவு செய்வதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அந்த உயரத்துக்கு ஏறப் பாடகர் எடுக்கும் முயற்சியை எந்தக் கணக்கீட்டாலும் உண்டாக்க முடியாது.

டெம்போவைத் தானாகக் கணிக்கும் வசதி பயனுள்ளது; ஆனால் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது. இருமடங்காகவோ பாதியாகவோ கணித்திருந்தால் ஒரே பொத்தானில் திருத்திவிடலாம். மெட்ரோனோம் என்னும் தாளக் கணிப்பான் இல்லாமல் வாசித்த பதிவில் மட்டும், ஒலியின் ஒரு புள்ளியைத் தாளத்தின் ஓர் இடத்தோடு பிணைக்கும் வார்ப் மார்க்கர்களைக் கையால் பொறுமையாக வைக்க வேண்டும். அப்போதும் ஒவ்வொரு அடியிலும் மார்க்கர் வைத்து இறுக்காமல், நான்கு பார்களுக்கு (தாளச் சுற்றுகளுக்கு) ஒன்று என வைத்தால் வாசித்தவரின் இயல்பான அசைவு பிழைத்திருக்கும்.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கம்ப்ளெக்ஸ் வகை முறைகள் இன்ட்ரோ பதிப்பில் இல்லை, ஸ்டாண்டர்ட் அல்லது சூட் பதிப்பு தேவை. மற்ற முறைகளைவிடக் கம்ப்ளெக்ஸ் கணினியின் ஆற்றலை ஏறத்தாழ 10 மடங்கு கேட்கும் என்பதால், வேலை முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிட்டு (கணக்கீடு முடிந்த ஒலியாகத் தற்காலிகமாகச் சேமித்துவிட்டு) அடுத்ததற்குப் போவது நல்லது.