வேலூர் ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜ்: ரூம் பரவாயில்லை, போர்டில் போட்ட மார்க்தான் இடிக்கிறது

சிஎம்சிக்கு நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். லாட்ஜ் பெயர் வேண்டாம். ரூம் சின்னது, ஆனால் சுத்தம். கேஸ் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருகிறார்கள், நோயாளிக்குக் கஞ்சி வைக்க அது போதும். மூன்றாம் மாடியில் வெயில் ஏற ஏற குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும், சொன்னால் "மோட்டார் போடறோம் சார்" என்பார்கள், போடவும் போடுவார்கள், ஒரு மணி நேரம் கழித்து.

ரிசப்ஷனில் பெரிய போர்டு: தங்கியவர்கள் கொடுத்த மார்க் ஐந்துக்கு நாலே முக்கால். பொய் என்று சொல்லமாட்டேன், வந்த படிவங்களைக் கூட்டிப் பார்த்தால் அப்படித்தான் வரும். ஆனால் நிரப்புகிறவர் யார்? படிவம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். எங்கள் மாடியில் பெரும்பாலும் வங்காளத்துக் குடும்பங்கள். தெருவில் நாஷ்டா கடைக்காரர்கூட வங்காளியில் போர்டு வைத்திருக்கிறார், லாட்ஜுக்குத்தான் தோன்றவில்லை. அந்தப் படிவத்தையும் ரூமைக் காலி செய்யும்போதுதான் நீட்டுகிறார்கள். காட்பாடியில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் எழுதுவாரா? வைத்தியம் கைகொடுக்காமல் ஊர் திரும்புகிறவர்கள் பேனாவைத் தொடுவார்களா? தண்ணீர்த் தொல்லையில் மறுநாளே வேறு லாட்ஜுக்கு மாறினவர் கணக்கிலேயே இல்லை. நல்லபடியாக டிஸ்சார்ஜ் ஆகி, ஆட்டோ வரும்வரை மேனேஜரோடு பேசிக்கொண்டு நிற்பவர்தான் எழுதுகிறார், அவர் இருக்கும் சந்தோஷத்துக்கு ஐந்து நட்சத்திரமே கம்மி.

மேனேஜரிடம் சொன்னேன். "இன்னும் நிறைய படிவம் அடிச்சிடலாம் சார்" என்றார். அடித்து என்ன செய்ய? 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன்னால் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது, இருபது லட்சத்துக்கு மேல் திரும்பியும் வந்தது, அதை எண்ணிப் பார்த்துவிட்டு, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் ஜெயிப்பார் என்று போட்டார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். போன், கார் வைத்திருந்தவர்கள் பக்கம் பட்டியலே சாய்ந்திருந்தது, அது ஒரு கோளாறு. அதற்கு மேல், சீட்டு கிடைத்தவர்களிலும் லாண்டன் ஆட்கள்தான் அதிகமாகப் பதில் போட்டார்கள்.

எழுதாமல் போகிறவர்களில் ஒரு பத்துப் பேரை, தங்கியிருக்கும்போதே, வங்காளி தெரிந்த ரூம் பாயை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அவர்களும் இதே மார்க் போட்டால் அந்தப் போர்டை நானும் நம்புகிறேன்.

ரூம் எடுப்பதானால் முதல் மாடியாகக் கேளுங்கள், லிஃப்ட் ஓரத்து ரூம் வேண்டாம், ராத்திரி முழுக்கச் சத்தம். என் மார்க் மூன்றரை.