நாலு வருஷமாக அடி வாங்கும் இம்பாக்ட் டிரைவர்

இறுகிப்போன ஸ்க்ரூவைக் கழற்ற, சுத்தியில் அடித்தால் திரும்பும் கை இம்பாக்ட் டிரைவர் ஒன்றை வாங்கி நாலு வருஷம் ஆகிறது. விலை அறுநூற்றுச் சொச்சம். கரண்டு, பேட்டரி எதுவும் வேண்டாம். அதை வாங்க வைத்தது என் மாமனுடைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்.

அந்த வண்டி பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோன் மூலையில் பல வருஷம் பஞ்சுத் தூசி மூடிக் கிடந்தது. அதற்கு முன்னால் ஓடிய காலமெல்லாம் போர் தண்ணியில்தான் கழுவல். எங்க ஊர் போர் தண்ணி எப்படி என்று பக்கெட் ஓரத்து வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அலுமினிய கவர், இரும்பு ஸ்க்ரூ, நடுவில் உப்பு ஈரம். இது மூன்றும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரைக்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும்.

இஞ்சின் பக்கத்து மேக்னட் கவரைக் கழற்ற உட்கார்ந்த முதல் நாளே இரண்டு ஸ்க்ரூவின் தலையை வழித்துவிட்டேன். துருவின் மேல் பழி போட்டேன். நிஜமான குற்றவாளி என் கையில் இருந்த திருப்புளி. வீட்டில் எல்லாருக்கும் இருக்கிற ஸ்டார் திருப்புளி இரண்டாம் நம்பர். அந்த 6 எம்எம் ஸ்க்ரூவுக்கு மூன்றாம் நம்பர் வேண்டும். இரண்டாம் நம்பரும் உள்ளே போய் உட்காரும், பிடிப்பது போலவும் இருக்கும், அழுத்தித் திருகினால் வழுக்கிக்கொண்டு மேலே வரும். இரண்டு தடவை அப்படி வந்தால் பள்ளத்தின் நாலு மூலையும் மொழுக்கை. இன்னொன்றும் உண்டு: ஜப்பான் வடிவமைப்பு வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூ ஜேஐஎஸ் என்கிற ஜப்பான் தர அளவு, நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் பிலிப்ஸ் அளவு. பல ஜேஐஎஸ் ஸ்க்ரூவின் தலையில் அடையாளமாக ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியை அன்றுதான் முதல் தடவை கவனித்தேன்.

இம்பாக்ட் டிரைவரின் வேலை எளிது. உள்ளே சாய்வாக வெட்டிய ஒரு கேம், ஒரு ஸ்பிரிங். மண்டையில் அடித்தால் முனையில் மாட்டிய பிட்டு ஸ்க்ரூவுக்குள் அழுந்தும், அதே நொடியில் கொஞ்சம் திரும்பும். வெறும் திருப்புளி வழுக்குவதற்கு இந்த அழுத்தம் இல்லாததுதான் காரணம். கழற்றும் பக்கம் செட் பண்ணி, டிரைவரின் உடம்பை இடது பக்கம் லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். முறுக்காமல் அடித்தால் உளியால் அடித்ததற்குச் சமம். பயந்து பயந்து பத்துத் தட்டு தட்டுவதும் வீண். கனமான சுத்தியில் நேராக ஒரு அடி.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு என்று சொல்லிக் கொடுத்தவர் எங்க தறி ஃபிட்டர். "ஏனுங் தம்பி, எடுத்ததும் கழட்டப் போறீங்? மொதல்ல தலையில நாலு தட்டு தட்டுங். துரு உட்டுக் குடுக்கட்டும். அப்பறம் எண்ணெய் உட்டுட்டு, சித்தெ நேரம் அக்கட்டால போயிட்டு வாங்." நான் ஒரு ராத்திரி விட்டேன். காலையில் மூன்றாம் நம்பர் பிட்டு வைத்து அடித்தேன். இரண்டு அடிக்கு 'தொப் தொப்' என்று மந்தமான சத்தம். மூன்றாவது அடியில் 'டிக்' என்று கேட்டது, ஸ்க்ரூவைச் சுற்றி மயிரிழை வட்டமாக வெள்ளைப் பொடி உதிர்ந்தது. வழிந்த இரண்டில் ஒன்று அப்படியே வந்தது. இன்னொன்றின் பிட்டு முனையில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் கொஞ்சம் தடவினேன். அந்த நறநறப்பு பிடித்துக்கொண்டது.

எண்ணெய் விஷயத்தில் மாமனோடு இன்றுவரை வழக்கு. "தேங்கா எண்ணெய் உடு மாப்ளே, எல்லாம் வரும்" என்பார். மார்கழியில் விட்டுப் பார்த்தேன். விடிந்து பார்த்தால் ஸ்க்ரூ தலையில் வெண்ணெய் மாதிரி உறைந்து நிற்கிறது. துருவுக்கென்றே விற்கிற பெனட்ரேட்டிங் ஆயில்தான் சரி. டபிள்யூடி-40 ஈரம் விரட்ட உண்டாக்கியது, லேசான துருவுக்குப் பரவாயில்லை. அதுவும் கேட்காவிட்டால் சூடு. அலுமினியம் இரும்பைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், அதனால் ஸ்க்ரூவை விட்டு அதைச் சுற்றியுள்ள கவரைச் சூடாக்க வேண்டும். ஹாட் ஏர் கன் போதும். பெட்ரோல் டேங்கை முதலில் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு.

இது எல்லா இடத்துக்கும் ஆகாது. டிஸ்க் பிரேக் வண்டியின் மாஸ்டர் சிலிண்டர் மூடியில் இரண்டு குட்டி ஸ்க்ரூ இருக்கும். அந்தத் தெம்பில் அதிலும் வைத்து அடித்தேன். ஹேண்டில்பார் குதித்தது, மூடி உட்காரும் ஓரம் விரிந்தது. சிந்திய பிரேக் ஆயில் டேங்க் பெயிண்டைத் தின்றது தனிக் கதை. அடி வாங்கும் பொருளுக்குக் கீழே கெட்டியான ஆதாரம் இருந்தால்தான் இம்பாக்ட். குட்டி ஸ்க்ரூவுக்குச் சரியான திருப்புளியை வைத்து அதன் பிடியில் லேசாகத் தட்டினாலே போதும்.

முறிந்த போல்ட்டுக்கும் இது உதவாது. தம்பியின் ஸ்ப்ளெண்டரில் சைலென்சரைப் பிடிக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒன்று இஞ்சின் ஹெட்டோடு ஒட்ட முறிந்தது. முதலில் போன பட்டறையில், முறிந்ததைத் திருகி எடுக்கும் ஈஸி-அவுட் போட்டார்கள், அதுவும் உள்ளேயே முறிந்தது. ஈஸி-அவுட் கடினப்படுத்திய இரும்பு, சாதாரண டிரில் பிட்டு அதைத் தொடாது. கடைசியில் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்காரர் அதன் மேல் நட்டு ஒன்றை வைத்து வெல்டு அடித்து, ஆறவிட்டு ஸ்பேனர் போட்டார். வெல்டு சூட்டில் துரு விட்டுக் கொடுத்து, மொத்தமும் சேர்ந்து திரும்பி வந்தது. வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னவரும் அவர்தான். மரை கொஞ்சம் போயிருந்ததால் ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போட்டுக்கொண்டோம்.

நாலு வருஷத்தில் டிரைவர் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மண்டை காளான் மாதிரி விரிந்திருக்கிறது, பிசிறை அரத்தால் ராவிவிட்டால் கையைக் கிழிக்காது. ஒரு தடவை பிரித்து கேமுக்கு கிரீஸ் வைத்தேன். கூட வந்த பிட்டுகள்தான் மட்டம். இரண்டாம் நம்பர் ஆறு மாசத்தில் முனை உடைந்தது, மூன்றாம் நம்பர் முறுக்கிக்கொண்டது. இப்போது தனியாக வாங்கிய நல்ல பிட்டுகள் இரண்டே வைத்திருக்கிறேன். அந்த டப்பாவில் வரும் தட்டை பிட்டு இரண்டையும் நான் ஒரு நாளும் எடுத்ததில்லை. அரை இஞ்ச் சதுர முனையில் சாக்கெட் மாட்டுவதாக இருந்தால் கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்தான், பளபளக்கும் குரோம் சாக்கெட் அடியில் சிதறலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டும்போது இதைத் தொடுவதே இல்லை. 6 எம்எம்முக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், மரையில் துளி ஆன்டி-சீஸ் (இறுகிப்போகாமல் காக்கும் பசை). யமஹாவில் வலது கண்ணாடிக்குப் பெரும்பாலும் எதிர் மரை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரவில்லை வரவில்லை என்று அதை இறுக்கிக்கொண்டே போய் முறித்தவர் எங்க வீட்டிலேயே இருக்கிறார்.

ஆர்எக்ஸின் கிளட்ச் கவரில் கீழ் ஸ்க்ரூ ஒன்று மட்டும் இன்னும் அசையவில்லை. கிளட்ச் பிளேட் வழுக்கும்வரை அதைத் திறக்கும் வேலையில்லை. மாமன் வாரம் ஒரு தடவை அதில் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார்.