ஷாட்டுக்கு 2,500 ரூபாய் என்றதும் முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள்

கோயம்புத்தூரில் விஎஃப்எக்ஸ் (கம்ப்யூட்டரில் காட்சியை மாற்றுவது, சேர்ப்பது) செய்து தருவதாகச் சொல்லும் ஒருவரிடம் பொள்ளாச்சிப் பக்கத்துக் குறும்படக் குழு ஒன்று ஏமாந்திருக்கிறது. 12 ஷாட், ஷாட்டுக்கு 2,500 ரூபாய், மொத்தம் 30,000. வேலை தொடங்கும் முன்பே முழுத் தொகையும் கைமாறிவிட்டது. திரும்பி வந்த ஃபைல்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இன்னொரு குழுவுக்கு இது நடக்கக் கூடாது என்பதால், அவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறோம்.

படப்பிடிப்புக்கு முன் அவர் சொன்னது: "நீங்க எடுத்துட்டு வாங்க, மத்ததெல்லாம் போஸ்ட்ல பாத்துக்கலாமுங்க." போஸ்ட் என்றால் படப்பிடிப்புக்குப் பிறகு நடக்கும் வேலை. இப்படிச் சொல்கிறவரை விட்டு அப்போதே விலகிவிடுங்கள். வேலை தெரிந்தவர் பணம் பேசும் முன் கேள்வி கேட்பார். எந்தக் கேமரா, விநாடிக்கு எத்தனை ஃப்ரேம், லென்ஸ் எத்தனை எம்எம், ஆளில்லாமல் வெறும் பின்னணியை மட்டும் ஒரு கிளீன் பிளேட்டாக எடுப்பீர்களா என்று கேட்பார். இவர் எதையும் கேட்கவில்லை.

பின்னணியைப் பிறகு நீக்கி மாற்றுவதற்காகத் தென்னந்தோப்புக்குள் பச்சைத் துணி கட்டச் சொன்னதும் அவர்தான். தோப்பில் ஓலை வழியாக இறங்கும் வெளிச்சமே பச்சையாக இருக்கும். அது முகத்திலும் வெள்ளைச் சட்டையிலும் படியும். பின்னால் நிற்கும் மரமும் பச்சை. அங்கே நீலத்துணிதான் சரி. கேமரா பதிவின் நீல சேனலில் நாய்ஸ் (புள்ளிப்புள்ளியான இரைச்சல்) அதிகம் என்பதால் ஐஎஸ்ஓ-வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனைக் குறைத்து, துணிக்குத் தனியாக, சீராக வெளிச்சம் கொடுங்கள். ஆள் துணியிலிருந்து 8 அடியாவது தள்ளி நிற்க வேண்டும். திருப்பூரில் கிடைக்கும் பளபளப்பில்லாத பனியன் துணியை பிவிசி பைப் சட்டத்தில் இழுத்துக் கிளிப் போட்டால் சுருக்கம் விழாது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குச் சட்டத்தின் காலில் மணல் மூட்டை அவசியம். அந்தக் காற்றில் அசையும் ஓலையை நம்பி டிராக்கிங் (கேமராவின் அசைவைக் கணக்கிடுவது) செய்தால் ஷாட் நழுவும். காம்பவுண்டு சுவரிலும் தரையிலும் டேப்பால் கூட்டல் குறி ஒட்டுங்கள்.

இனி, வந்த ஃபைல்களில் இருந்த கோளாறுகள். குழு 4கே-யில் (3840க்கு 2160 புள்ளி) எடுத்திருந்தது, முடிவுப்படம் 1080 (1920க்கு 1080 புள்ளி). நல்ல முடிவுதான். சாதாரணக் கேமராவின் 4:2:0 பதிவில் நிறத் தகவல் நீளத்திலும் உயரத்திலும் பாதிதான் இருக்கும். 4கே-யில் அந்தப் பாதியே 1920க்கு 1080 வந்துவிடுவதால், 1080 படத்துக்குக் குறைவில்லாத கீ (துணியின் நிறத்தை நீக்கி ஆளைப் பிரித்தெடுப்பது) கிடைக்கும். இவரோ தன் கம்ப்யூட்டர் தாங்காது என்று முதலில் எல்லாவற்றையும் சிறிய 1080 எம்பி4-ஆக மாற்றிவிட்டு, அதில் கீ எடுத்திருக்கிறார். நிறத் தகவல் 960க்கு 540 ஆகிவிட்டது. முடியோரம் முழுக்கப் பச்சை விளிம்பு, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் எறும்பு ஊர்கிறாற்போல நடுங்குகிறது.

தீப்பிடிக்கும் ஷாட் அதைவிட மோசம். கறுப்புப் பின்னணி கொண்ட இலவச வீடியோ ஒன்றை 'ஸ்க்ரீன்' மோடில் (கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் தெரியும் முறை) மேலே வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த வீடியோவின் கறுப்பு முழுக் கறுப்பு இல்லை. லேப்டாப்பில் தெரியாது. எக்ஸ்போஷரை 3 ஸ்டாப் (எட்டு மடங்கு வெளிச்சம்) ஏற்றினால் தீயைச் சுற்றி ஒரு செவ்வகம் பளிச்சென்று தெரிகிறது. புரொஜெக்டரில் போட்டால் எக்ஸ்போஷரை ஏற்றாமலே தெரியும். எந்த இரவு ஷாட் வந்தாலும் இப்படி ஏற்றிப் பாருங்கள். நடிகர் முகத்தில் தீயின் வெளிச்சமும் இல்லை. எல்இடி விளக்கில் ஆரஞ்சு ஜெலட்டின் தாள் ஒட்டி, முன்னால் கையை அசைத்திருந்தாலே செட்டில் கிடைத்திருக்கும். அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

எடுத்தது விநாடிக்கு 25 ஃப்ரேம், வந்தது 30. ஒவ்வொரு 5 ஃப்ரேமுக்கும் ஒன்று இரட்டித்திருக்கிறது, அதனால் நடை தடுக்குகிறது. ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினால் கண்ணுக்கே தெரியும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தாலும் போதும். ஃபைல் எடையையும் பாருங்கள். 1080, 25 ஃப்ரேமில் புரோரெஸ் 4444 என்ற உயர்தர ஃபைல் வகை என்றால் 5 விநாடிக்குச் சுமார் 170 எம்பி வரும். இவர் அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கி, சில எம்பி அளவில் எம்பி4 கொடுத்திருக்கிறார். அதில் ஆல்ஃபா (எந்த இடம் ஊடுருவித் தெரிய வேண்டும் என்ற தகவல்) கிடையாது, எடிட்டர் பின்னணியை மாற்ற வழியே இல்லை. புராஜெக்ட் ஃபைலைக் கேட்டபோது தனியாகப் பணம் வேண்டுமாம்.

பணம் கொடுக்கும் முன் இருப்பதிலேயே கடினமான ஷாட்டை, தலைமுடியும் அசைவும் உள்ளதாகப் பார்த்து, சோதனைக்குக் கொடுங்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் காசு. அது பிடித்தபின் மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி ஷாட் ஷாட்டாக. இஎக்ஸ்ஆர் (ஃப்ரேமுக்கு ஒரு படமாக வரும் உயர்தர ஃபைல்) அல்லது புரோரெஸ் 4444, எடுத்த அதே ஃப்ரேம் ரேட், ஷாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் 8 ஃப்ரேம் கூடுதல், புராஜெக்ட் ஃபைல், எத்தனை முறை திருத்தம் என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். "சரிங்க" என்ற பதில் வந்தபிறகு பணம் அனுப்புங்கள், அதுவும் ரொக்கமாக வேண்டாம். கேமராவில் இருந்து வந்த அசல் ஃபைலின் ஒரு பிரதி எப்போதும் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். இந்தக் குழு வைத்திருந்தது, அதனால் மறுபடி கீ எடுக்க முடிகிறது.

ஏற்கெனவே பணம் போனவர்கள் உரையாடல், யுபிஐ ரசீது, வந்த ஃபைல்கள் எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.