பள்ளிகளுக்கான நீர்ப் பரிசோதனைப் பெட்டி: நொய்யல் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றங்களுக்கென விற்கப்படும் நீர்ப் பரிசோதனைப் பெட்டி ஒன்றை, திருப்பூருக்குக் கிழக்கே நொய்யலை ஒட்டியுள்ள எங்கள் பள்ளியின் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு பயன்படுத்திப் பார்த்தோம். அமில காரத் தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், அம்மோனியா ஆகியவற்றைக் கண்டறியும் கரைசல்கள், நிற அட்டைகள், அளவுக் குழாய்கள், மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் சிறு குப்பிகள் ஆகியவை அதில் உள்ளன. பல நிறுவனங்கள் இத்தகைய பெட்டிகளை ஏறத்தாழ ஒரே அமைப்பில் தயாரிப்பதால், பெயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

கொடுத்த பணத்துக்கு ஈடு கட்டுவது குளோரைடு சோதனை ஒன்றுதான் என்பேன். சாயக்கழிவு என்றதும் இப்பகுதிப் பிள்ளைகள் நினைப்பது சிவப்பும் நீலமுமாக ஓடிய ஆற்றைத்தான். தண்ணீர் தெளிந்துவிட்டால் மாசும் போய்விட்டது என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். துணியில் சாயம் ஏறுவதற்காகச் சேர்க்கப்படும், குளோரைடு அடங்கிய உப்புக்கோ நிறமில்லை. அது நீரோடு மண்ணுக்குள் இறங்கி, கிணறுகளில் தங்கிவிடுகிறது. பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமானதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னதையும் வகுப்பில் விளக்கியபோது வெறுமனே தலையாட்டியவர்கள், சோதனைக் குழாயைக் கையில் எடுத்த பிறகுதான் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

செய்முறை எளிது. மாதிரி நீரில் பொட்டாசியம் குரோமேட்டைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் வரும். பிறகு சில்வர் நைட்ரேட்டைத் துளித்துளியாக விட்டுக்கொண்டே போனால், குளோரைடு முழுவதும் வெண்ணிறப் படிவாகப் பிரிந்து முடிந்ததும் செங்கல் நிறம் தோன்றி நிலைக்கும். அதுவரை விட்ட துளிகளின் எண்ணிக்கையிலிருந்து அளவைக் கணக்கிடலாம். குழாயில் வரும் ஆற்றுக் குடிநீர் சில துளிகளிலேயே நிறம் மாறிவிடுகிறது; ஆற்றோரத் தோட்டத்துக் கிணற்று நீரோ, பார்வைக்கு அதே தெளிவோடு இருந்தும், துளிகளை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. இந்தியத் தர அமைவனத்தின் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1000 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் கொள்கிறது என்பதைக் கரும்பலகையில் எழுதியபோது, அந்த எண்கள் முதன்முறையாக அவர்களுக்குப் பொருள்பட்டன. பாறை மண்டலத்து ஆழ்துளைக் கிணறுகளில் இயற்கையாகவே உப்பு இருக்கக்கூடும் என்பதால், ஆற்றிலிருந்து விலகிய கிணறுகளின் நீரையும் சோதிக்காமல் ஆலைகளின் மேல் பழி போடக் கூடாது. பெட்டியோடு வரும் கையேட்டில் இது பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

மலக்கழிவுக் குப்பி ஆறாம் வகுப்புக்கும் ஏற்றது. 1982இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை அது; நீரை ஊற்றி மூடி வைத்தால், கழிவு கலந்திருக்கும்போது ஓரிரு நாளில் கறுத்துவிடும், நம் ஊர் வெப்பத்துக்குத் தனிக் கருவியும் தேவையில்லை. கறுத்த குப்பியில் கிருமிகள் பெருகியிருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிய பின்னரே அதை அப்புறப்படுத்த வேண்டும்.

பெட்டியின் பெருங்குறை அதன் கழிவுதான். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளைப் பற்றிய பாடத்தில் குரோமியத்தையும், கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையைப் பற்றிய பாடத்தில் பாதரசத்தையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம். இந்தப் பெட்டியிலோ குளோரைடு சோதனைக்கான குரோமேட் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய குரோமியச் சேர்மம், அம்மோனியா சோதனைக்கான நெஸ்லர் கரைசல் பாதரச உப்பு. சோதனை முடிந்ததும் கழுவிவிடுமாறு கையேடு சொல்கிறது. எங்கே கழுவுவது? பள்ளித் தொட்டியிலிருந்து வாய்க்காலுக்கும் அங்கிருந்து அதே ஆற்றுக்கும் போகும் வழியை மாணவர்களே வரைந்து காட்டினார்கள். அம்மோனியா புட்டியை நாங்கள் திறக்கவே இல்லை. மற்றக் கழிவை மூடியுள்ள புட்டியில் சேர்த்து, பெயரும் தேதியும் எழுதி, அருகிலுள்ள கல்லூரி வேதியியல் துறையிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்தோம். மாசு பற்றிப் பாடம் நடத்த விற்கப்படும் பொருளில் ஒரு கழிவுப் புட்டிகூட வைக்கப்படாததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மற்றக் குறைகள் சிறியவை. கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. கையுறைகள் பெரியவர் அளவில் இருப்பதால் பிள்ளைகளின் கையில் நிற்பதில்லை. சில்வர் நைட்ரேட் பட்ட விரல் கறுத்து, பல நாள் அப்படியே இருக்கும். சொட்டியைச் சாய்த்துப் பிடித்தால் துளியின் அளவு மாறி விடையும் மாறுகிறது, ஆகவே செங்குத்தாகப் பிடிக்கப் பழக்க வேண்டும். செங்கல் நிறம் வந்துவிட்டதா இல்லையா என்று குழுவுக்குள் எழும் வாக்குவாதத்தை நான் குறையாக எண்ணவில்லை.

எட்டாம் வகுப்பும் அதற்கு மேலும் உள்ள பள்ளிகள், ஆசிரியர் உடனிருந்து நடத்த முடியுமானால், தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது அம்மோனியா சோதனைக்கான நெஸ்லர் கரைசல் இல்லாமல் தருமாறு கேளுங்கள். சில்வர் நைட்ரேட் வெளிச்சத்தில் கெடும் என்பதால் பழுப்புப் புட்டியில் இருக்கிறதா, காலாவதித் தேதி எவ்வளவு தள்ளி இருக்கிறது, கரைசல்கள் தீர்ந்தால் தனியாகக் கிடைக்குமா என்பவற்றை விலை பேசுவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். கீழ் வகுப்புகளுக்கு மலக்கழிவுக் குப்பிகளும், நீரில் கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் ஒன்றும் போதும்.