கடற்கரை பிளாஸ்டிக்: உருக்குவதா, பின்னுவதா?

கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கை என்ன செய்யலாம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது உருக்குவதுதான். நானும் அதில்தான் இறங்கினேன். இப்போது ஒதுங்கிய கயிறுகளைப் பிரித்து மிதியடி பின்னிக்கொண்டிருக்கிறேன்.

அழகு என்றால் உருக்குவதுதான், சந்தேகமில்லை. பாட்டில் மூடிகளை அரைத்து அச்சில் அழுத்தினால் பளிங்குபோல நிறம் கலந்த பலகை வரும். எந்திரமும் பெரிய தடையில்லை. நெதர்லாந்து வடிவமைப்பாளர் டேவ் ஹாக்கென்ஸ் 2013-இல் தொடங்கிய 'பிரெஷஸ் பிளாஸ்டிக்' திட்டம் வரைபடங்களை இலவசமாகவே தருகிறது.

தடை மணல்தான். மூடியின் உள்மரையில் உப்போடு சேர்ந்து அப்பியிருக்கும். இரண்டு முறை கழுவினாலும் கொஞ்சம் மிஞ்சும். அது அரைக்கும் பிளேடை மழுங்கடிக்கும், பலகையில் நெருநெருவென்று நிற்கும். ஒருநாள் பொறுக்கியதைக் கழுவிக் காயவைக்க எனக்கு மூன்று நாள் ஆனது. அதற்குமேல் தரம் பிரிக்கிற வேலை. எச்டிபிஇ (அடர் பாலிஎத்திலீன்) சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகும், பிபிக்கு (பாலிபுரொப்பிலீன்) 160 வேண்டும், தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் (PET) வகைக்கு 250. கலந்துவிட்டால் பலகை சரியாக ஒட்டாது. குழாய் செய்கிற பிவிசி துண்டு ஒன்று நுழைந்து சூடு ஏறினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு கிளம்பும். கரையில் கிடந்ததில் பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் எண் எங்கே தெரிகிறது? தண்ணீரில் போட்டால் எச்டிபிஇயும் பிபியும் மிதக்கும், பெட்டும் பிவிசியும் மூழ்கும். அவ்வளவுதான் தெரியும், மிதக்கிற இரண்டில் எது எதென்று அது சொல்லாது.

கயிற்றுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. ஒரு அலசல், ஒரு வெயில், நாலு உதறு. பிபியா நைலானா என்றுகூடப் பார்க்க வேண்டாம். பார்க்க வேண்டியது ஒன்றே: மடித்துக் கசக்கினால் தூள் உதிர்கிறதா? உதிர்ந்தால் அது வெயிலில் நைந்த கயிறு. பின்னினால் அந்தத் தூள்தான் வீடு முழுக்கப் பரவும். தடித்த கயிறை மட்டும் அவசரப்பட்டு எறியாதீர்கள். புரியைப் பிரித்துப் பாருங்கள், வெயில் படாத உள்ளிழைகள் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும்.

என் மிதியடிகளுக்கு இரண்டு வயதுதான், அதுவும் கூரைக்குக் கீழே கிடப்பவை. திறந்தவெளியில் போட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

சரி, மூடிகளை? அவற்றைப் பின்ன முடியாதே. எந்திரம் வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிடுகிறேன். கழுவித் தந்தால்தான் வாங்குகிறார்.