தென்னாப்பிரிக்கா பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல வீடு பிடிச்சுக் குடுத்த ஏஜென்ட், அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார்

நார்த்டேல் பக்கம் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட் வேணும்னு போனோம், ஏஜென்ட் பேரு வேணாம் விடுங்க. போட்டோல பளபளன்னு இருந்துச்சு, நேர்ல போனா அலமாரிக்குப் பின்னாடி செவுரு பூரா கறுப்பா பூஞ்சை, கை வச்சா ஈரம் ஒட்டுது. பெயிண்ட் அடிச்சுத் தரோம்னாங்க, சரின்னு வாடகை 7,000 ரேண்ட், அதே அளவு டெபாசிட், கட்டித் தொலைச்சோம்.

அடிச்சாங்க, பூஞ்சை மேலயே! முதல் மழைக்கே திரும்ப எட்டிப் பாத்துச்சு. கீசர் வேற சொட்டிக்கிட்டே கெடந்துச்சு, முன்னாடியே காசு கட்டி ப்ரீபெய்ட் கரன்ட் மீட்டர்ல போடுற யூனிட் எங்க போகுதுன்னே தெரியல, மூணு வாரமா வாட்ஸ்அப் அனுப்புனேன், ப்ளூ டிக் மட்டும் டாண்ணு வந்துச்சு.

காலி பண்றப்பதான் கூத்து. செவுத்தை நாங்க பாழாக்கிட்டோமாம், பாதி டெபாசிட்ட பிடிச்சுட்டாங்க. பழைய லாங்மார்க்கெட் ஸ்ட்ரீட் (இப்ப லங்கலிபலேலே ஸ்ட்ரீட்) கோயில்ல, குட் ஃப்ரைடே தீமிதி அன்னிக்குப் பழக்கமான ஒரு ஆன்ட்டி, தமிழ் நாலு வார்த்தைதான் வரும், ஆனா சட்டம் தண்ணிபட்ட பாடு. 1999 வாடகை வீட்டுச் சட்டப்படி குடி வர்றப்பவும் போறப்பவும் ரெண்டு பேரும் சேந்து வீட்டப் பாக்கணுமாம், ஓனர் பாக்கலேன்னா வீடு நல்லாத்தான் இருந்துச்சுன்னு அர்த்தமாம், பாக்கி எதுவும் இல்லேன்னா 7 நாள்ல வட்டியோட டெபாசிட் திரும்பணும், வாடகைத் தகராறு விசாரிக்கிற ரென்டல் ஹவுசிங் டிரைபியூனல்ல புகார் குடுக்க காசும் கிடையாது.

அதையே மெயில்ல போட்டேன். நாலாம் நாள் பணம் வந்துருச்சு, வட்டி மட்டும் இன்னும் வரல. ரெண்டு ஸ்டாரும் சாவி குடுத்த பொண்ணுக்கு, பாவம், அதுதான் கீசர் வால்வ மூடக் கத்துக்குடுத்துச்சு.